சந்தேகத்துக்குரிய மழை

ஏப்ரல் 11

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்த வானிலை அலுவலகத்தில் காலெடுத்து வைத்த நாளில் மூடிய வாய். இனி பேனாவாவது பேசட்டும்.

தெற்கு நிலையத்து வெப்பமானி இன்று இதுவரை யாரும் பார்க்காத அளவைக் காட்டியது. எங்கள் விதி எளிது. பழைய உச்சத்தைத் தாண்டும் எந்த அளவும் ‘சந்தேகத்துக்குரியது’. அதை நீக்கிவிட்டு, பக்கத்து நிலையங்களின் சராசரியை அந்த இடத்தில் போட வேண்டும். இதைத் தாண்ட மாட்டேன் என்று விதி எழுதியவர்களிடம் வெயில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது போலும்.

“கருவியில கோளாறுப்பா, மாத்திடு” என்றார் இயக்குநர். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சராசரியார். கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. என் விடைத்தாள்தான் அவருக்குப் பாடப்புத்தகம்.

ஏப்ரல் 16

மாற்றினோம். புதியதும் அதையே காட்டியது. அதையும் மாற்றினோம். மூன்றாவதற்கும் அதே பிடிவாதம்.

ஏப்ரல் 19

நான்காவதை மரத்தடியில் நட்டார்கள். கருவி உடனே குணமடைந்தது. சராசரியார் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். கருவி மாற்றப் போன டெக்னீஷியன் மட்டும் வெயிலில் சுருண்டு விழுந்து மருத்துவமனையில் படுத்திருக்கிறார். அவரிடமும் கோளாறுதான் இருக்கும்.

ஜூன் 27

மனைவி கேட்டாள்: “இன்னைக்குக் கனமழைன்னு உங்க ஆபீஸ் சொல்லுது. துணி காயப் போடட்டுமா?”

“தாராளமா போடு.”

துணி காய்ந்தது.

ஆகஸ்ட் 5

சராசரியாரின் கட்டுரை ஏதோ மாநாட்டில் கைதட்டல் வாங்கியதாம். மழை நாட்கள் குறைகின்றன, பெய்கிற நாளில் கொட்டித் தீர்க்கிறது. நாட்டின் ஒரு பாதி காயும்போது மறுபாதி மிதக்கிறது. கோடை இரவுகள்கூடச் சூடு தணிவதில்லை. எல்லாம் உண்மை. எல்லாம் நான் எழுதியது. அடிக்குறிப்பில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார், பெயரில் பிழையோடு.

மேடையில் அதிமழை கூடுகிறது என்கிறார். அலுவலகத்துக்கு வந்து அதே அதிமழையை அழிக்கிறார். மனிதருக்கு வாய் ஒன்றுதான், கூலி இரண்டு.

அக்டோபர் 23

பருவம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே பகலில் பெய்தது. தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, ஃப்ரிட்ஜ் மிதக்குது. அத்தையைக் கட்டிலோட மாடிக்குத் தூக்கிட்டுப் போறாங்க. டிவியில உங்க ஆபீஸ் மிதமான மழைன்னு சொல்லிட்டிருக்கு. நீ அங்கதானே வேலை பாக்குற?”

அங்கேதான். வேறெங்கே போவேன்.

அவள் மாமியாருக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. தெருக்காரர்கள் நான்கு பேர் ஓடி வந்திருக்காவிட்டால் — வேண்டாம், எழுதவில்லை.

அக்டோபர் 25

அவள் பகுதியின் மழைமானி நிரம்பி வழிந்திருக்கிறது. வழிந்ததே அதன் மேல் சந்தேகப்படக் காரணமாகிவிட்டது. அளவை நீக்கி, மழையே பெய்யாத பக்கத்து ஊர்களின் சராசரியைப் போட்டாயிற்று.

“என் தங்கச்சி வீடு முழுகிப் போச்சுய்யா!” என்றேன்.

“சொந்தக்காரங்க வீட்டை வச்செல்லாம் விஞ்ஞானம் பண்ண முடியாதுப்பா.”

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சாணா முழமா என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டு, வெள்ளமே இல்லை என்று எழுந்து வருவது எங்கள் அலுவலகம் ஒன்றுதான்.

நவம்பர் 9

நகராட்சிப் பொறியாளர் வந்திருந்தார். தங்கை இருக்கும் பகுதிக்குப் புதிய மழைநீர்க் கால்வாய் கட்டப் போகிறார்கள்.

“ஒரே நாள்ல பெஞ்ச அதிகபட்ச மழை எவ்வளவுன்னு நீங்க சொல்லணும் சார். நீங்க சொல்ற எண்ணுக்குத்தான் நான் அகலம் வைப்பேன். சின்னதா சொன்னா பழைய அகலமே போதும்.”

சராசரியார் சின்னதாகவே சொன்னார். பொறியாளர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, ஏன் குறைத்துச் சொன்னாய் என்று கேட்டேன். சராசரியார் திருப்பிக் கேட்டார்:

“ரிட்டயர் ஆகப் போற நேரத்துல, இத்தனை வருஷமா தப்பா குடுத்தோம்னு எவன்யா கையெழுத்துப் போடுவான்? நீ போடுவியா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதோடு நிற்கவில்லை. அந்தச் சோற்றைத் தங்கை வீட்டுக்கும் பரிமாறுகிறார்.

நவம்பர் 16

தங்கை வீட்டுக்குப் போனேன். நுழையும்போதே மாப்பிள்ளை குரல் கொடுத்தார்: “மச்சான் வந்துட்டாரு! வெயில் அடிக்கும்னு சொல்லப் போறாரு, குடையை எடுத்து வைங்க!”

சிரித்தேன். வேறு என்ன செய்ய. சுவரில் தண்ணீர் நின்ற கறை என் இடுப்புக்கு மேலே இருந்தது. சந்தேகத்துக்குரிய கறை.

கட்டில் இன்னும் மாடியில்தான். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புதுக் கால்வாய் வருதாமே தம்பி. இனிமே என்னைத் தூக்க வேண்டியிருக்காதுல்ல?”

இறங்கும்போது மாடிப்படிகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 18

மனைவி: “கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த ஆளைப் பத்தி என் காதுலயே ஓதுறீங்க. அந்த இன்ஜினியருக்கும் ரெண்டு காது இருக்குமே?”

நவம்பர் 21

பொறியாளருக்கு எழுதிவிட்டேன். ஐந்து பக்கம். எரிகிற நெஞ்சுக்கு மோர் குடித்த மாதிரி இருந்தது. மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டாள்:

“இதுல மழை எந்தப் பக்கத்துல பெய்யுது?”

படுபாவி. எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் விடைத்தாள். இரண்டாவதில் கட்டுரைத் திருட்டு. மூன்றாவதில் எனக்கு வர வேண்டிய பதவி. நான்காவதில்தான் தூறலே ஆரம்பிக்கிறது.

நவம்பர் 23

வெட்டினேன். விடைத்தாளை வெட்டும்போது கொஞ்சம் வலித்தது. இப்போது ஒரே பக்கம்தான். விதி இன்னது, அது அழித்த அளவு இன்னது, மழைமானி நிலையத்தில் மூல அளவு அப்படியே இருக்கிறது, எழுதிக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மரத்தடி வெப்பமானியை மட்டும் விட மனம் வரவில்லை. அதற்கு ஒரு வரி.

நவம்பர் 24

கீழே என் பெயரை எழுதினேன். பிழையில்லாமல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெயர் இருந்தால் என்ன ஆகும்? “பதவி கிடைக்காதவனோட வயித்தெரிச்சல்” என்பார் சராசரியார். முடிந்தது. கடிதமே சந்தேகத்துக்குரியது, நீக்கிவிடலாம். பெயர் இல்லாவிட்டால் நீக்குவதற்கு அதில் மழை மட்டும்தான் இருக்கும். அந்த மழையைத் தெருவே பார்த்திருக்கிறது.

கால்வாய் அகலமாக வந்தால் சராசரியார் திறப்பு விழாவுக்குப் போவார். நான் அப்போதே சொன்னேன் என்பார். கழுத்தில் மாலையும் விழும். விழட்டும், போ.

மறுபடி தட்டச்சு செய்து, பெயர் இல்லாமல் உறையிலிட்டு ஒட்டிவிட்டேன். காலையில் அலுவலகம் போகிற வழியில் தபால் பெட்டியில் போடுகிறேன்.

நாளை வறண்ட வானிலை என்கிறது எங்கள் அலுவலகம். உறையைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.