நீல ஜாடியின் பாலம்

திங்கட்கிழமை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். உங்கள் சுகத்தை இரண்டு வரி எழுதிப் போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்? கப்பலில் அத்தனை மோட்டாரையும் கழற்றி மாட்டுகிறவருக்குப் பேனா பிடிக்கத்தான் கை வலிக்கிறது போலிருக்கிறது. மாதக் கடைசியில் விடுப்பில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பாப்பா தினமும் காலண்டரில் ஒரு கட்டத்தை அடிக்கிறாள். நேற்று ஆசை தாங்காமல் அடுத்த மாதத்தையும் சேர்த்து அடித்துவிட்டாள்.

பட்டறைக்கு ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய ஒரு டாக்டரம்மா வீட்டு ஜோடி ஜாடிகள் வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் செய்த பீங்கான், இருநூறு வயது. வெள்ளையில் நீலச் சித்திரம். வரைந்தவன் சீனா இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டான். காதில் விழுந்ததை வைத்தே அடித்துவிட்டிருக்கிறான். ஓரம் தூக்கிய கூரையோடு ஒரு வீடு, வீட்டைவிடப் பெரிய பறவைகள், எதற்கும் நிழல் கிடையாது. வீட்டு வாசலில் ஒரு பாலம் தொடங்குகிறது. மறுகரையை வரைய மறந்துவிட்டான் போல, அது பாதியில் வெள்ளையில் நின்றுவிடுகிறது.

ஒரு ஜாடியில் பாலத்தின் நடுவே ஒரு சில்லு உடைந்து தொலைந்திருக்கிறது. என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் வெறுமையாக விட்டுவிடு என்பார் பட்டறைப் பெரியவர். ஆனால் ஜோடி ஜாடியில் அதே இடத்தில் ஒரு ஆள் வீட்டைப் பார்த்து நடந்து வருகிறான். அவனை மெல்லிய தாளில் படியெடுத்து, ஒட்டுப்போட்ட இடத்தில் வரைந்துவிட்டேன். நகக்கண் அளவுதான். இடது தோள் சற்றே சரிந்து, அப்படியே உங்கள் சாயல். வேண்டுமென்று செய்யவில்லை. நினைப்பு எங்கேயோ, கை அங்கேதானே போகும். சொன்ன தேதிக்கு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மாதக் கடைசி, சனிக்கிழமை

பாப்பாவின் அப்பாவுக்கு,

காலையில் உங்கள் கடிதம் வாசல் கதவடியில் கிடந்தது. தபால்தலையும் இல்லை, முத்திரையும் இல்லை. படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். குடித்துவிட்டு எழுதினீர்களா என்று சுவரைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். வீட்டுக்கு வரத்தான் கப்பலைவிட்டு இறங்கினேன், ஒரு பாலத்தில் நடந்துகொண்டே இருக்கிறேன் என்கிறீர்கள். பறவைகள் வீட்டைவிடப் பெரிதாக இருக்கின்றன, எனக்கு நிழல் விழவில்லை என்கிறீர்கள். பாப்பா சிரிக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது, ஆனால் கழுத்து திரும்பவில்லை என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. ஈர விரலால் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தேன். நீலம் கலையவில்லை.

பட்டறைக்கு ஓடிப்போய் இரண்டு ஜாடிகளையும் அருகருகே வைத்தேன். அப்போதுதான் என் தவறு தெரிந்தது. ஜோடி ஜாடிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். ஒன்றில் வலப்பக்கம் வீடென்றால் மற்றதில் இடப்பக்கம். படியெடுத்த தாளை நான் புரட்டிப் போட்டு வரைந்திருக்க வேண்டும். இத்தனை வருட வேலையில் பச்சைக் குழந்தைகூடச் செய்யாத பிழை. வீட்டுக்கு வர வேண்டிய ஆளை, வீட்டுக்கு முதுகு காட்டிப் போகிறவராக வரைந்துவிட்டேன்.

எங்கள் சாயம் பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்கு மேலேதான் நிற்கும், பஞ்சில் அசிட்டோனைத் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். அரை பாட்டில் தீர்ந்தது, வரவில்லை. பெரியவர் நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, "இது உன் வேலை இல்லம்மா. சூளையில வெந்தது. பூச்சுக்கு அடியில இருக்கு பாரு. இருநூறு வருஷமா இவன் இங்கதான் நடந்துட்டு இருக்கான்," என்றார். ஜாடி வந்த அன்று எடுத்த போட்டோவைக் காட்டினார். சில்லு தொலைந்த ஓட்டையை என் கையால் அளந்து எழுதியிருக்கிறேன். போட்டோவில் ஓட்டை இல்லை, தோள் சரிந்த ஆள் இருந்தார்.

கப்பல் ஆபீசுக்கும் போனேன். அந்த ஆளை எங்கள் கப்பலில் யாருக்கும் தெரியாது என்கிறார்கள். எனக்குத் தெரியுமே, எனக்குத் தெரியுமே என்று கவுண்டரில் நின்று அழுதேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.


செவ்வாய்க்கிழமை

என்னங்க,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. சுருட்டி ஜாடிக்குள் போடுகிறேன். வேறு எந்த முகவரிக்கு எழுதுவது?

நீங்கள் தினமும் ஒரு அரிசி அளவு முன்னால் போகிறீர்கள். அளந்துகொண்டுதான் இருக்கிறேன். பாலம் முடிய இன்னும் இரண்டு விரல்கடை இருக்கிறது. அதற்கப்புறம் வெறும் வெள்ளை. நில்லுங்கள் என்று கத்திப் பார்த்தேன், உங்களுக்குக் கேட்கவில்லை. உடைத்துவிடலாம் என்று சுத்தியலைக்கூட எடுத்தேன். நீங்கள் உள்ளே இருக்கும்போது எப்படி உடைப்பேன்?

ஜாடியைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. ஜாடி உருண்டை. உங்களைத் திருப்ப முடியாவிட்டால் போகட்டும், பாலத்தை வளைத்து வீட்டுக்குக் கொண்டுவர முடியுமே. முதுகுப் பக்கம் முழுக்க வெள்ளையாகத்தான் கிடக்கிறது. இன்று காலையிலிருந்து பலகை பலகையாகப் பாலத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். சுற்றிக்கொண்டு போய் வீட்டின் பின்புறம் சேரும். அங்கே ஒரு கதவு வைத்து, திறந்தே வரைந்திருக்கிறேன்.

இருநூறு வருடத்துப் பொருளில் இல்லாததை வரைந்தேன் என்று தெரிந்தால் பெரியவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். தள்ளட்டும். மெருகு காய்கிறது, யாரும் தொடாதீர்கள் என்று பொய் சொல்லித் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை டாக்டரம்மா வீட்டுக் கார் வரும், அதற்குள் முடித்தாக வேண்டும். முதல் நாலு பலகையைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன், சாயம் வரவில்லை. தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஓடாதீர்கள். நான் வரைகிற வேகத்துக்கு நடந்து வாருங்கள். பின்னால் பாப்பா சிரிப்பது கேட்டாலும் திரும்பிப் பார்க்காதீர்கள், நேரே வாருங்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பா என் மேஜைக்கு வந்து நிற்கிறாள். ஜாடியை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாவுக்கு வழி தெரியல. என்னையும் அங்க வரைஞ்சுடேன். நான் போய்க் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வரேன்," என்கிறாள். தினமும் கேட்கிறாள். கன்னத்தில் ஒன்று போட்டேன், பிறகு நானே கட்டிக்கொண்டு அழுதேன். இன்று நெற்றியில் விழும் முடியை ஒதுக்கிக்கொண்டு, அசையாமல் நின்று, "இப்படி நிக்கட்டுமா?" என்று கேட்டாள். என் கையில் தூரிகை இருந்தது. மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன குறை என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டேன்.

உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், நான் அவளிடம் சரி என்று சொல்லிவிடுவதற்குள் வந்துவிடுங்கள்.

உங்களை மறக்காத,
நான்