மூச்சு விட இடமில்லாத அடி

கோலார்,
12-9-1957

அன்புள்ள அம்முலு,

அறுப்புப் பண்டிகைக்கு நீ கட்டிய பாட்டைப் பாடிக் காட்டி, “எப்டி கீது, சொல்லுங்களேன்” என்று நான் புறப்பட்ட அன்று கேட்டாய். பெட்டியைக் கட்டிக்கொண்டே “நல்லா கீது” என்றேன். இப்போது அது உறுத்துகிறது.

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இந்தப் பள்ளி வேலை சிரமமில்லை; குளிர்தான்.

நேற்று பக்கத்து அறை எல்லப்பன், தான் கட்டிய பாட்டைப் பாடினார். அவருக்கும் அதே பதிலைச் சொன்னேன். “இன்னா சார், சோத்துக்கும் நல்லா கீதுன்ற, பாட்டுக்கும் அதையே சொல்றியே!” என்று சிரித்தார். பிறகுதான் எந்த அடி மனத்தில் நின்றது, எங்கே குரல் எட்டவில்லை என்று சொன்னேன். உடனே திருத்திப் பாடினார்.

உனக்கு அப்படிச் சொல்லாமல் வந்துவிட்டேனே. முதல் அடி, நாற்று நடும் கையின் வேகத்திலேயே இருந்தது. உத்திரமேரூர் பஸ்ஸில் அதையே முணுமுணுத்தேன். கடைசி அடியில் மட்டும் மூச்சு விட இடமில்லை. கோயிலில் உன்னோடு பாடுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். நீ திருத்தினாலும் இங்கிருந்து எனக்குக் கேட்காது.

என் கம்பளியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. கூடவே இரண்டு வரி எழுது. தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

கடைசி அடியைக் களை எடுத்துக்கொண்டே பாடிப் பார். மூச்சு முட்டுகிற இடத்தில் அதை இரண்டாக உடைத்துவிடு.

உன்
ஏசுதாஸ்