வேண்டாததை வெட்டவும்

என் அன்பான அப்பா,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "அப்பா, உங்களுக்குத் தெரியும்." நாக்கு நுனிவரை வந்தது. நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காப்பிக் குவளையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. நான் சொன்னது வேறு. "பரவால்லப்பா, தெரியாமத்தான நடந்துச்சு" என்றேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. ஈப்போ சிலிபின் வீட்டில் உங்கள் சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. மர ஆலையில் உங்கள் காவல் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். தங்கை மாலா ஆறாம் படிவத்துப் பரீட்சைக்குப் படிக்கிறாள், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து.

காரியத்துக்கு வந்தவர்கள் உங்களைப் பற்றி ஒரு கதையைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். தோட்டத்திலிருந்தே உங்கள் கூட்டாளியான டெக்சிக்கார மாணிக்கம் மாமாதான் ஆரம்பித்தார். "ஊருக்கெல்லாம் பாரம் எழுதிக் குடுத்தவன், சொந்த மக பாரத்துல கோட்டைப் போட்டே கோட்டை விட்டான்லா." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எட்டு வருஷத்துக்கு முந்தியது. பரீட்சை முடிவு வந்து, நான் பாரிட் புந்தாரில் அத்தை வீட்டில் தங்கித் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதம் வந்தது. கோலாலம்பூரில் வரலாறு. ஈப்போ நூலகத்தில் அந்த அலமாரி முழுவதையும் படித்து முடித்துவிட்டு நான் ஆசைப்பட்டது அது. பினாங்கில் இரசாயனம், ஆசிரியர் பயிற்சியோடு. அதற்கு உபகாரச் சம்பளம் உண்டு. வாராவாரம் அத்தை வீட்டுக்குப் பஸ்ஸும் ஃபெரியுமாக வந்து போகலாம். கோலாலம்பூருக்கு எதுவும் கிடையாது. விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் நம் கைக்காசு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, கடிதங்களோடு வந்த இரண்டு பதில் பாரத்திலும் கையெழுத்துப் போட்டேன். "கோலாலம்பூருக்குச் சரின்னு போடுங்கப்பா. பினாங்கு வேணாம்." நீங்கள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "நான் போட்டு அனுப்பிடுறேன் பாப்பா. நீ பஸ்ஸப் பிடி" என்றீர்கள். அந்த வேகத்தை நான் சந்தோஷம் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்துப் பதில்கள் வந்தன. நான் வர மறுத்ததற்குக் கோலாலம்பூர் வருத்தம் தெரிவித்திருந்தது. நான் வர இசைந்ததற்குப் பினாங்கு மகிழ்ச்சி தெரிவித்திருந்தது.

பாரத்தில் இரண்டு மலாய்ச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மெனெரிமா, மெனோலாக். ஏற்கிறேன், மறுக்கிறேன். கீழே பொடி எழுத்தில், வேண்டாததை வெட்டவும் என்று இருக்கும். நீங்கள் கோலாலம்பூர்த் தாளில் ஏற்கிறேன் என்பதை வெட்டியிருந்தீர்கள். பினாங்குத் தாளில் மறுக்கிறேன் என்பதை.

"தோட்டத்துல பெரட்டுக்கு நிக்கையில, மண்டோர் பேருக்கு மேல ஒரு கோடு இழுத்தா ஆளு வந்தாச்சுன்னு அர்த்தம்லா. அந்தப் பழக்கத்துல கை போயிருச்சு பாப்பா. வேணுங்கிறதுல கோடு போட்டுட்டேன்" என்றீர்கள்.

எவ்வளவு அழகான தப்பு அது. நம்மைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. விடியற்காலைப் பெரட்டில், அந்த ஆள் கணக்கெடுப்பில், வரிசையாக நின்று வளர்ந்தவருக்கு மட்டுமே வரக்கூடியது. யார் கேட்டாலும் நம்புவார்கள். நம்பினார்கள்.

ஆனால் அப்பா, எனக்குப் பதினோரு வயதில் நாம் தோட்டத்து லயத்தில் இருந்தோம். குடியுரிமைக்காகச் சிவப்பு அடையாளக் கார்டை நீலமாக மாற்ற ஆளாளுக்கு அலைந்த காலம். முதியோர் வகுப்பில் மலாய் படித்தவர் அந்த லயத்திலேயே நீங்கள் ஒருவர்தான். வாசலில் பெஞ்சு போட்டு உட்காருவீர்கள். அடிமட்டத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுப்பீர்கள். ஒருமுறை மாணிக்கம் மாமாவின் மனைவி அவசரப்பட்டுத் தன் பாரத்தில் தானே கோடு போட்டுக் கொண்டுவந்தார். அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் மாறாமல் நினைவிருக்கிறது. "என்னா தங்கச்சி, பெரட்டுன்னு நெனச்சியா? கவர்மெண்டு பாரத்துல வேண்டாததத்தான் வெட்டணும். வேணுங்கிறத அப்படியே விட்டுறணும்."

அந்தத் தப்பு உங்களுடையதே இல்லை. மாணிக்கம் மாமாவின் மனைவியிடமிருந்து இரவல் வாங்கியது. அந்த இரண்டு தாள்களில் கோடு எவ்வளவு நேராக இருந்திருக்கும் என்று உங்களிடம் பாரம் நிரப்பிக்கொண்ட யாரும் சொல்லிவிடுவார்கள். கை போய்விட்டது என்றீர்களே, அடிமட்டம் வைத்தா கை போகும்?

நீங்கள் பினாங்கைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. மர ஆலைச் சம்பளம் எனக்குத் தெரியாதா? மாலாவுக்கு அப்போது பத்து வயது. "முடியாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன். பிறகு நானே அடிமட்டம் எடுத்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையை என்னிடம் கொடுக்க ஏன் உங்களுக்கு மனம் வரவில்லை? ஏழை அப்பாவாக இருப்பதைவிடப் படிப்பறியாத அப்பாவாக இருப்பது சுலபம் என்று நினைத்தீர்களா? நான் உங்கள்மேல் இரக்கப்படும்படி செய்தீர்கள். இரக்கப்படுகிறவளால் கேள்வி கேட்க முடியாது. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

அம்மாவுக்குத் தெரியுமா?

நீங்கள் கொடுத்த விலையையும் நான் பார்த்தேன். செய்தி பரவியபின் நம் வீட்டுக்குப் பாரம் கொண்டுவருவதை ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். மாணிக்கம் மாமாவின் மனைவி மகனுடைய பள்ளிப் பாரத்தோடு வாசல்வரை வந்தார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் பயமா இருக்கு. பள்ளிக்கூட ஆபீஸ் கிராணிகிட்டயே காட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் தலையாட்டினீர்கள். கோடு எங்கே போடுவது என்று உங்களிடம் கற்றுக்கொண்டவர் அவர். அதற்குப் பிறகு அந்த அடிமட்டம் மாலாவின் பள்ளிப் பையில்தான் கிடந்தது. உங்களிடம் இருந்த ஒரே பெருமையை எடுத்துக் கீழே வைத்தீர்கள். அதை எனக்காகச் செய்ததாக நினைத்திருப்பீர்கள். என்னைக் கேட்டிருக்கலாம் அப்பா. அந்தப் பெருமையை நான் விலையாகக் கேட்டிருக்கமாட்டேன்.

உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தேன். நினைவிருக்கிறதா? பினாங்குக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு. நீங்கள் என் இரும்புப் பெட்டிக்குப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். "அப்பா, ஒருவேள கோலாலம்பூர்ல மறுபடியும் எடம் குடுத்தா?" என்று கேட்டேன். சாவியை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

"குடுக்க மாட்டான் பாப்பா. ஒரு தடவ வெட்டுனா வெட்டுனதுதான்."

நான் இப்போது கமுந்திங்கில் ஒரு பள்ளியில் இரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன், உங்களுக்குத் தெரியும். நல்ல ஆசிரியை என்கிறார்கள். வரலாற்றுப் புத்தகங்களை இன்னும் வாங்குகிறேன். அட்டை போட்டு வைத்துக்கொள்கிறேன். பினாங்கில் இருந்த வருஷங்களில் நான் ஏன் விடுமுறைக்கு அதிகம் வருவதில்லை என்று அம்மா கேட்பார். நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் மாலாவுக்குக் கடிதங்கள் வரும். அவற்றை அதே மேசையில் விரித்து வைப்பேன். முடிவதை முடியும் என்றும், முடியாததை முடியாது என்றும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் கத்தட்டும். கோட்டை அவளே போடுவாள். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு, நீங்கள் கேட்காவிட்டாலும்.

இனி, நான் உங்களிடம் மறைத்தது. உங்கள் தப்பைக் கேட்ட மறுநாளே பாரிட் புந்தார் தபால் நிலையத்தில் உட்கார்ந்து கோலாலம்பூருக்கு ஒரு மேல்முறையீடு எழுதினேன். என் தந்தை தோட்டத்துப் பழக்கத்தால் தவறாகக் கோடு போட்டுவிட்டார் என்று, உங்கள் பொய்யையே நல்ல மலாயில் எழுதினேன். அத்தை வீட்டு முகவரிக்குப் பதில் வந்தது. இடம் இன்னும் இருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் உறுதி செய்யவும் என்றிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உங்களைக் கேட்டபோது அது என் கைப்பையில் இருந்தது.

நான் பினாங்குக்குப் போனேன்.

உங்கள் மூத்த மகள்,
கோமதி