சேகர் அண்ணனின் எலும்புப் பெட்டி

ஆகஸ்ட் 6, 1957. செவ்வாய்.

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. சேகர் அண்ணன் லீவுக்குச் சிங்கப்பூரிலிருந்து மலாக்கா வந்தாயிற்று. டாக்டர் படிப்பு, உடற்கூறு பாடத்தில் போன தடவை தோல்வி. இந்த மாதக் கடைசியில் மறுபரீட்சை. அதிலும் போனால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்களாம்.

பெட்டியைப் பிரிக்க உதவினேன். தலையணை கனத்தில் ஓர் உடற்கூறு புத்தகம். உடலை அறுப்பதற்கு வழி சொல்லும் ஒல்லிப் புத்தகம் ஒன்று, பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. வெள்ளைக் கோட்டு இரண்டு. கத்தி, இடுக்கி, கத்தரி சுருட்டிய கான்வாஸ் உறை. சிவப்பு, நீல, மஞ்சள் பென்சில்கள். மஞ்சள் நரம்புக்காம். மற்ற இரண்டும் இரத்தக் குழாய்களுக்கு.

எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்டேன்.

"வாத்தியாருங்க பெருச வாங்கச் சொல்றாங்க. சீனியருங்க சின்னதே போதுங்கறாங்க. நான் பெருச வாங்கிட்டு முழிக்கிறேன்."

அடியில் ஒரு மரப்பெட்டி. அதை மட்டும் தொட விடவில்லை. அம்மாவிடம் "சாமான்" என்றான்.

ஆகஸ்ட் 7. புதன்.

வெயில். அம்மா சந்தைக்குப் போனதும் அண்ணன் மரப்பெட்டியைத் திறந்து காட்டினான். எலும்பு! மண்டை, முதுகு, இடுப்பு, வலது கை, வலது கால். இடது பக்கம் இல்லை. பாதி செட்டு இப்படித்தான் வருமாம். ஒரு சீனியரிடம் இரவல். இடது பாதி யார் வீட்டில் இருக்கிறதோ.

பயப்படுவேன் என்று நினைத்தேன். பயமில்லை. காய்ந்த கட்டை போல லேசு. மணிக்கட்டு எலும்புகள் புளியங்கொட்டை மாதிரி, நூலில் கோத்து.

பரீட்சையில் ஓர் எலும்பைக் கையில் கொடுத்துப் பெயர், பக்கம், எது மேல் எது கீழ் என்று கேட்பார்களாம். நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் கண்ணை மூடித் தடவிச் சொன்னான். புத்தகத்தில் சரி பார்ப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாரத்தோடு நின்ற என் இங்கிலீஷ், எழுத்துக் கூட்டித்தான் வருகிறது.

"எல்லாமே வலது. பரீட்சையில இடது குடுத்தா மாட்டிக்குவேன் தேவி."

ஆகஸ்ட் 8. வியாழன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இடுப்பெலும்பைப் பிடித்துக்கொண்டு ஆணா பெண்ணா என்று கேட்டேன்.

"பொம்பள. எவ்ளோ அகலம் பாரு. கழுத்துக்கிட்ட இந்த எலும்பு நுனி இன்னும் சேரல. இருவது வயசு இருக்காது. கல்கத்தாவுலேர்ந்து கப்பல்ல வருது இதெல்லாம்."

"யாருண்ணா அவ? அவளுக்கு யாருமே இல்லியா?"

வாசலில் அம்மா. கையில் கீரைக்கட்டு. எல்லாம் கேட்டுவிட்டாள். சத்தம் போடவில்லை. நேரே போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

"வீட்டுல பொணத்த வச்சிக்கிட்டு எப்படிடா அடுப்பு மூட்டறது? கொண்டு போயி கடல்ல கரைச்சிட்டு வா."

"இரவல்மா! திருப்பிக் குடுக்கணும். இது இல்லாமப் படிச்சா மறுபடியும் பெயில்தான்."

"பெத்தவ எங்க உக்காந்து அழுதாளோ."

அப்பா லாரி ஓட்டிவிட்டு வந்து பார்த்தார். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்தார். "மலாயாவுக்குச் சுதந்திரம் வரப் போகுது, வெள்ளக்காரன் போயிட்டா டாக்டருக்கு எங்க போறதாம்?" என்றார். அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பா பொட்டலத்தைப் பிரித்தார்.

ஆகஸ்ட் 9. வெள்ளி.

மேகமூட்டம். அடுப்பு மூட்டவில்லை. சாமி விளக்கும் ஏற்றவில்லை. அண்ணன் படிக்கவில்லை, துணியை அடுக்குகிறான். சிங்கப்பூருக்கே போகிறானாம். விடுதி மூடிக் கிடக்கிறது, எங்கே தங்குவான்?

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா ஒரு தட்டு குவே பலகாரத்தோடு வந்தார். மலாக்கா செட்டி குடும்பம். பெயர் தமிழ், பேச்சு மலாய். எங்கள் வீட்டில் புகை காணோமே, யார் செத்தது என்று கேட்டார். அம்மா எல்லாம் சொல்லி அழுதாள்.

அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "காசி மாக்கான் டூலு லா, காக்." முதலில் அவளுக்குச் சாப்பாடு போடு என்று.

"வயிறே இல்லியே," அண்ணன் முணுமுணுத்தான். அக்கா முறைத்தார்.

அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். படைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய் நிற்பார்கள். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமே.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏய் தேவி, உன் வயசுப் பொண்ணுக்கு என்னடி பிடிக்கும்?"

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. "நெத்திலி சம்பல்," என்றேன்.

"வெள்ளிக்கிழமையிலயா?"

"வெள்ளிக்கிழமன்னு அவளுக்குத் தெரியுமாம்மா?"

நானா பேசினேன்! அம்மா எழுந்து சாம்பலை வழித்தாள். "போயி நெத்திலி வாங்கிட்டு வா. சவ்வரிசியும், குலா மலாக்கா வெல்லமும்."

ஆகஸ்ட் 10. சனி.

நல்ல வெயில். நேற்று பெட்டி முன்னால் இலை போட்டு எல்லாரும் வெளியே நின்றோம். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். எனக்கு எட்டிப் பார்க்க ஆசை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

பரீட்சை வரைக்கும் பெட்டி இருக்கலாமாம். கடல் பேச்சு இல்லை.

காலையிலிருந்து அண்ணன் படிப்பு. நான் தொடை எலும்பைக் கொடுத்தேன். சரியாகச் சொன்னான். சந்தோஷத்தில் டக்கென்று பெட்டியில் போட்டான்.

அடுப்படியிலிருந்து அம்மா: "மெதுவா வைடா. பொம்பளப் புள்ள."