அக்கா போன் எடுக்கவில்லை

ஜூன் 16, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். கண்டி ஆஸ்பத்திரி, தனி அறை. நேற்று மஹய்யாவ வீட்டிலிருந்து த்ரீவீலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ரெண்டு நாளாக வயிற்றோட்டம், காய்ச்சல். மலம் சேர வயிற்றில் ஒட்டியிருக்கும் பை ஒரு மணித்தியாலத்துக்குள் நிரம்பிவிடுகிறது. சேலைன் ஏறுகிறது.

டொக்டர் ரெண்டு சொன்னார். ஒன்று, கிருமி. இல்லாவிட்டால், மாற்றி வைத்த குடலை உடம்பு தள்ளத் தொடங்கியிருக்கலாம். பார்வைக்கு ரெண்டும் ஒரே மாதிரி. வைத்தியம் மட்டும் நேர் எதிர். கிருமி என்றால் உடம்பின் எதிர்ப்பை அடக்கும் குளிசையைக் குறைக்க வேண்டும். தள்ளுகிறது என்றால் கூட்ட வேண்டும். மாறிச் செய்தால் குடல் போய்விடும்.

அக்காவின் குடல். போன வருஷம் சென்னையில் அவள் வயிற்றிலிருந்து ஒரு துண்டு வெட்டி எனக்கு வைத்தது.

அவளுக்கு ஆறு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்
வெயில். கமரா விட்டுக் குடலில் சின்னத் துணுக்கு எடுத்தார்கள். முடிவு வர ரெண்டு நாள்.
தேவை: சோப், உடுக்கச் சாரம் ஒன்று, சார்ஜர்.

பின்னேரம் அக்காவின் புருஷன், மச்சான், கெலிஓயாவிலிருந்து வந்தார். கதவோடு நிறுத்திவிட்டார்கள். போன வியாழன் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். மறுநாளே அவர்கள் பிள்ளைகளில் சின்னவளுக்கு வாந்தி, பிறகு பெரியவளுக்கும். தன் வீட்டிலிருந்துதான் எனக்குத் தொற்றியது என்று அக்கா ஒரே பிடியாக இருக்கிறாளாம். சோறு இறங்கவில்லையாம். என் நம்பரைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறாளாம்.

“நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நீங்க பேசுங்க.”
எடுத்தால்தானே.

ஜூன் 18, புதன்
மறுபடி மழை. வாயால் ஒன்றும் சாப்பிடக் கூடாது. பசியும் இல்லை. அவள் குரல்தான் வேண்டியிருக்கிறது.

சென்னையில் எழுந்து நடக்கவிட்ட அன்றைக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள். “அங்க ஒழுங்கா இருக்காடா அது?” என்றாள், வேறு வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல. சிரித்தால் தையல் வலிக்கும் என்று ரெண்டு பேரும் சிரிக்காமல் இருக்கப் பார்த்தோம்.

போன்: காலையில் மூன்று. மத்தியானம் ரெண்டு.

ஜூன் 19, வியாழன்
முடிவு வந்தது. வைரஸ். தள்ளவில்லை. குளிசை குறைத்தாயிற்று. தினமும் ரத்தப் பரிசோதனை. வயிறு சரியாக வாரக்கணக்கில் ஆகலாமாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பஸ்ஸாக இருக்கலாம், மார்க்கெட்டாக இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

நர்ஸ் மிஸ்ஸிடம் கெஞ்சினேன். தன் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கதவருகே பிடித்தாள். தெரியாத நம்பர் என்பதால் அக்கா எடுத்தாள்.

“நான்தான். வச்சிடாத. குடலத் தள்ளல, வைரஸ்தானாம்.”

“டொக்டர் சொன்னாரா, எனக்காகச் சொல்றியா?”

“டொக்டர்தான்க்கா.”

அழுதாள். மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைகளுக்குச் சுகமாம். உள்ளே வரக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்று மிஸ் சொன்னாள்.

“அது போதும்டா,” என்றாள் அக்கா. “காலையிலயே வந்துர்றேன்.”

இன்றைக்கு வியாழன்தான். இன்னும் மூன்று நாள்.