இரண்டு ரெகுலேட்டர்

ஜூலை 4, 1998. சனி.

வாடகைக்கு எடுத்த ஆர்.வி. என்ற வீட்டு வண்டியின் பக்கவாட்டில் உள்ள கேஸ் இணைப்பில் எங்கள் சின்ன கிரில்லை மாட்டினார் ரவி. தீ, மெழுகுவர்த்தி அளவுக்குத்தான் எரிந்தது. ஒரு மணி நேரமாகியும் கோழி வேகவில்லை.

"கேஸ் தீர்ந்துடுச்சு போல மாலு. பிரெட் சாப்ட்டுக்கலாம்."

நான் குனிந்து பார்த்தேன். வண்டியின் ரெகுலேட்டரே அழுத்தத்தைக் குறைத்துத்தான் அனுப்புகிறது. கிரில்லில் இருந்த இன்னொன்று அதை மறுபடியும் குறைத்துக்கொண்டிருந்தது.

"வால்வை மூடிட்டு, கிரில்ல இருக்கற ரெகுலேட்டரைக் கழட்டுங்க. வண்டியோட குடுத்த ஹோஸை நேரா மாட்டலாம்."

மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். குமிழி வரவில்லை, கசிவு இல்லை. பற்றவைத்ததும் நீலமாக, சீராக எரிந்தது. மகள் பக்கத்து வண்டிக்கு ஓடி, "மை மாம் ஃபிக்ஸ்ட் இட்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"நீ கெமிக்கல் இன்ஜினியர்ங்கறதையே மறந்துட்டேன்" என்றார் ரவி.

"நானுந்தான்."

அமெரிக்கா வந்து மூன்று வருஷமாக என் விசா என்னை வேலைக்குப் போக விடவில்லை. படிக்கத் தடையில்லை என்று தெரிந்தும் ஏனோ சும்மா இருந்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டார். "எம்.எஸ். அப்ளிகேஷன் திங்கட்கிழமை வாங்கிட்டு வரட்டா?"

"வேணாம். நானே டிரைவ் பண்ணிப் போய் வாங்கிக்கறேன்" என்றேன்.