அப்பாவுக்கு மூன்று மேசைகள்

உஷ்தோபே,
அக்டோபர் 1997

அன்புள்ள ராடிக் அண்ணனுக்கு,

தங்கை வெனேராவின் வணக்கம். அண்ணியும் குட்டித் திமூரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்காலையும் அரசாங்கத்தையும் தவிர எல்லோரும் நலம்.

ரோஸ்தோவில் அறுவடை, ஆள் கிடைக்கவில்லை, அப்பாவின் அறுபதுக்கு வர முடியாது என்று நீ அடித்த தந்தி கிடைத்தது. உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விருந்தைச் சொல்கிறேன், உனக்கு வயிறு எரியட்டும்.

விருந்தே நடக்காமல் போகப் பார்த்தது. நானும் அம்மாவும் ஊரை அழைக்கக் கிளம்பிய அன்று அப்பா வாசலை மறித்து நின்றார். "முதல் வயசு விருந்து மேசை கிடைக்காதவன் கல்யாண மேசையில உக்காரக் கூடாது. கல்யாண மேசை இல்லாதவன் அறுபதாம் மேசைப் பக்கமே போகக் கூடாது. எனக்கு முன்னது ரெண்டும் கிடையாது. போய் வேலையப் பாருங்க." அவ்வளவுதான், வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

உனக்கு இது தெரியுமா? எனக்குத் தெரியாது. உன் முதல் வயது மேசையில், பிள்ளையின் எதிர்காலத்தைப் பார்க்கப் பரப்பி வைத்ததில் நீ கத்தரிக்கோலை எடுத்ததையும், என்னுடையதில் நான் பேனாவை எடுத்ததையும் இன்றுவரை கடைத்தெருவில் சொல்லித் திரிகிற மனிதர், தனக்கு யாரும் மேசை போடவில்லை என்று ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

ரயிலில் பிறந்தவர் என்று மட்டும் நமக்குத் தெரியும். முப்பத்தேழில் அரசாங்கம் நம் கொரிய ஜனங்களையெல்லாம் ருஷ்யாவின் கிழக்குக் கோடியிலிருந்து சரக்குப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தது என்பதும் தெரியும். மீதியைப் பெரியத்தைதான் சொன்னாள். அப்போது அவள் சிறுமி. "ரயில்ல வலி வந்துச்சு. ரயில் நிக்கல. பொறந்தவன் மூஞ்சியப் பாக்கக்கூட எவனும் நிறுத்தல. இங்க கொண்டாந்து குன்றடியில எறக்கிவிட்டானுங்க. மண்ணுல பள்ளம் தோண்டி அதுக்குள்ள இருந்தோம். அடுத்த வருஷம் ஒரு வயசு ஆகுறதுக்குப் பிள்ளைங்களே மிச்சமில்லடி, இதுல மேசை யாரு போடுவா?" அதற்கு முந்திய தலைமுறை கொரியாவில் பசி தாங்காமல் ஆற்றைக் கடந்து வந்தது. பசி தாங்காமல் வந்தவர்களையும் நாடு சும்மா விடவில்லை. நாம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் யாருக்கு எங்கே வலிக்கிறதோ!

இரண்டாவது மேசையின் கதையை அம்மா சொன்னாள். முதல் மேசை இல்லாதவன் என்று அப்பாவே கல்யாண விருந்தை மறுத்திருக்கிறார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் நேராக வெங்காய நாற்று நடப் போயிருக்கிறார்கள். "புதுப் பாவாடையோட நட்டேன். உங்கப்பா வரிசை கோணலா இருக்குன்னு திட்டுனாரு" என்று அம்மா சிரிக்கிறாள். இத்தனை வருடம் கழித்தும், அந்த வரிசை நேராகத்தான் இருந்தது என்கிறாள்.

வழி காட்டியது பக்கத்து வீட்டு யெர்மெக் மாமா. நம் முறை எதுவும் தெரியாத கசாக்கியர் என்பதால்தான் அவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும். கேலி செய்யத்தான் வாய் திறந்தார். "மேசை போடலன்னா இப்பப் போடுங்கப்பா. பிள்ள நடக்குது. வாயில பல்லும் இல்ல. ஒரு வயசுக்கு வேற என்ன வேணும்?" எல்லோரும் சிரித்தோம். பெரியத்தை மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "டேய், காலைல முகம் கழுவி வெள்ளச் சட்ட போட்டுட்டு வா. நான் உன் அக்கா, சொல்றேன்" என்றாள். அவளை எதிர்த்துப் பேச அப்பாவுக்கு ஏது தைரியம்?

ஒரே நாளில் மூன்று மேசை, அண்ணா! முந்தின நாள் யெர்மெக் மாமா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பசையரிசியை இடித்தார். வியர்வை விழுகிறது என்று பெரியத்தை அவர் முதுகில் துண்டால் அடித்துக்கொண்டே இருந்தாள்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் முதல் மேசை. அரிசி, நூல், புத்தகம், பேனா, கத்தரிக்கோல், இடித்த அரிசிப் பலகாரம். ஓரத்தில் யாரோ ஒரு பெரிய வெங்காயத்தையும் வைத்துவிட்டார்கள். பெரியத்தை அப்பாவின் விரலைப் பிடித்து நடத்தி வந்தாள். வெட்கத்தில் அப்பாவின் காது சிவந்திருந்தது. "புஸ்தகத்த எடு!" "பேனாடா, பேனா! அதிகாரி ஆயிடலாம்!" என்று கிழவர்கள் கத்தினார்கள். அப்பா முதலில் வெங்காயத்தை எடுத்தார். கூட்டம் ஓவென்றது. அதை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் வீசினார். "இதோட என் சகவாசம் முடிஞ்சுது" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்டியது.

நம்மைப் பள்ளிக்கூடத்துக்கு அவர் பக்கத்தில் தொட்டி பொருத்திய மோட்டார் சைக்கிளில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே திணித்துக் கொண்டுபோனது ஞாபகம் வந்தது. பையன்கள் மூக்கைப் பொத்துவார்கள், நீ அவர்கள் மூக்கிலேயே குத்துவாய். கொரிய மொழியில் எண்ணி, கசாக்கில் திட்டி, ருஷ்ய மொழியில் அலுவலகத்தோடு சண்டை போட்டு நம்மை வளர்த்த மனிதர், அண்ணா. ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றுதான்.

பிறகு இரண்டு கையாலும் அரிசிப் பலகாரத்தை எடுத்தார். யாருக்கும் கொடுக்கவில்லை, அங்கேயே நின்று தின்றார். பெரியத்தை மெல்லச் சொன்னாள்: "எங்கம்மா உன் மேசைக்குன்னு ஒரு கைப்பிடி அரிசி முடிஞ்சு வெச்சிருந்தா. பக்கத்துப் பள்ளத்துல ஒருத்திக்குப் பிரசவம், அவளுக்குக் கஞ்சியா ஊத்திட்டா. பசிச்ச பிள்ள நீ, வேற எத எடுப்ப." அப்பா மென்றுகொண்டே, "உப்பு பத்தல" என்றார். பெரியத்தை தலையில் ஒன்று வைத்தாள். மறுபடியும் ஒரே சிரிப்பு.

அடுத்து, நீண்ட ஆயுளுக்கென்று வைக்கிற நூலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் ஒன்றை எடுக்கச் சொன்னதற்கு, "போதும், மழை வர்ற மாதிரி இருக்கு, மூட்டைய மூடணும்" என்றார்.

மதியம் கல்யாண மேசை. முறைப்படி வேகவைத்து அலகில் சிவப்பு மிளகாய் செருகிய முழுச் சேவலுக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்திருந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும்.

அறுபதாம் மேசைக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் சான்றிதழோடு வந்து, "எங்கள் மண்ணுக்கு விருந்தினராக வந்தவர்கள் நீங்கள்" என்று பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. "விருந்தாளிய மாட்டுப் பெட்டியில அடைச்சா கூட்டிட்டு வருவீங்க?" என்று கேட்டுவிட்டேன். அப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். யெர்மெக் மாமா மட்டும் கை தட்டினார். அந்தக் குளிர்காலத்தில் நம் பள்ளத்துக்கு ரொட்டி கொண்டுவந்தது அவருடைய அம்மா. அதற்கு அவர்களுக்கு எவனும் சான்றிதழ் கொடுக்கவில்லை. நமக்கு வந்த சான்றிதழ் இப்போது முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் இருக்கிறது.

மூத்த மகன்தான் முதல் கிண்ணம் மது ஊற்றி, நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். நீ இல்லை. பெண் முதலில் வணங்குவது முறையில்லை என்று முணுமுணுத்தார்கள். நான் ஊற்றினேன், நான் வணங்கினேன். அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லா விழுந்தா" என்று எல்லோரிடமும் சொன்னார். அப்படிச் சொல்லும்போது வாசலைத்தான் பார்த்தார்.

இப்போது சண்டை. அடுத்த மாதம் திமூருக்கு ஒரு வயது ஆகிறது. கேக் வெட்டினால் போதும், மேசையெல்லாம் கிழவர்கள் காலத்துச் சமாச்சாரம் என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் அதை நாங்கள் படித்துக் காட்டவில்லை. ஆனால் அந்த நூலைத் தாளில் சுற்றி, மேலே பேரன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். கொடுங்கள், தபாலில் அனுப்புகிறேன் என்றேன். தொலைந்துவிடும் என்கிறார். தபால்காரன் மேல் அவருக்கு இத்தனை நாள் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

அண்ணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. உங்கள் மூவரையும் எந்தக் குறையும் அண்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
வெனேரா

பின்குறிப்பு: நான் எழுதுவதை அப்பா பார்த்துவிட்டார். அவர் கூப்பிட்டதாக எழுதக் கூடாதாம். வெங்காய மூட்டை ஏற்ற ஆள் இல்லை, உடனே வரவும் என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். மூட்டையெல்லாம் போன வாரமே லாரியில் போய்விட்டது.